குழந்தை வாந்தி எடுக்கும்போது: எதைக் கவனிப்பது, எதைக் கொடுப்பது, எப்போது புறப்படுவது

இரண்டு வயதுக் குழந்தை, எடை 12 கிலோ. நள்ளிரவில் தொடங்கி விடிவதற்குள் ஐந்து முறை வாந்தி எடுத்துவிட்டது. தாகத்துக்குக் கொடுக்கும் தண்ணீரும் குடித்த சற்று நேரத்தில் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. உடம்பு லேசாகச் சுடுகிறது. பேதி இன்னும் இல்லை. சென்ற முறை வாங்கிய வாந்தி மருந்து பாதிப் புட்டி வீட்டில் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா, எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும் என்பவை நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள்.

குழந்தைகள் மருத்துவராகப் பல ஆண்டுகளாக இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருபவன் என்பதால், சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புட்டியைத் திறக்க வேண்டாம். நீரிழப்பை ஈடுசெய்ய உப்பும் குளுக்கோஸும் அளவோடு சேர்த்த ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தேக்கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுக்கத் தொடங்குங்கள். வாந்தி பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ வந்தாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும், குழந்தை துவண்டுபோய் எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை என்றாலும், வயிற்றுவலி விடாமல் இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் புறப்படுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் அடுத்த நான்கு மணி நேரம் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

வாந்தி ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. அதைத் தூண்டும் மையம் மூளையின் அடிப்பகுதியில், முகுளத்தில் இருக்கிறது. அந்த மையத்துக்குச் செய்தி பல வழிகளில் போய்ச் சேரும். குடலின் உட்சுவரைக் கிருமியோ நஞ்சோ உறுத்தும்போது அங்குள்ள செல்கள் செரோடோனினை வெளியிட, வேகஸ் நரம்பு அச்செய்தியை மேலே கொண்டுபோகிறது. இரத்தத்தில் கலந்திருக்கும் மருந்துகளையும் நச்சுகளையும் முகுளத்தை ஒட்டிய ஒரு சிறு பகுதி நேரடியாக மோப்பம் பிடிக்கிறது. பயணத்தின்போது உட்காதின் சமநிலை உறுப்பும், அச்சத்தின்போது மூளையின் மேற்பகுதிகளும், மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடும்போது அந்த அழுத்தமும் இதே மையத்தைத்தான் தட்டுகின்றன. தொண்டைப் புண், காதுச் சீழ், நிமோனியா, சிறுநீர்ப் பாதைத் தொற்று ஆகியவற்றிலும் குழந்தைகள் வாந்தி எடுப்பதற்கும், ‘வயிற்றில்தான் கோளாறு’ என்ற முடிவு பல வேளைகளில் தவறிப்போவதற்கும் காரணம் இதுதான். எனவே வாந்தியை எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்கு முன்னால், எந்த வழியாகச் செய்தி போயிருக்கிறது என்று கேட்பதே முறை.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். முகம் வெளுத்து, வாய் ஊறி, குமட்டி, வயிற்றுத் தசைகள் இறுகி ஓங்கரித்து வெளியேறுவது வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கடைவாயில் பால் வழிவது எதுக்களிப்பு. கைக்குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் முதல் சில மாதங்களில் இப்படிக் கக்குவார்கள். நான்காம் மாதத்தை ஒட்டி மிகுந்து, ஒரு வயதைத் தாண்டும்போது பெரும்பாலோருக்கு நின்றுவிடும். ‘கக்குகிற பிள்ளை தக்கும்’ என்ற பழமொழி இந்த எதுக்களிப்பைப் பற்றி மிகச் சரியாகச் சொல்கிறது. எடை ஏறிக்கொண்டிருக்கிற, பால் குடிக்க மறுக்காத குழந்தைக்கு அதற்காக மருந்து எதுவும் தேவையில்லை. ஆனால் பழமொழியை எல்லா வாந்திக்கும் நீட்டிவிடக் கூடாது. மூன்று முதல் ஆறு வார வயதில், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய், குடித்த பால் அடிகணக்கில் தள்ளிப் பீய்ச்சி அடிக்கும்படி வாந்தி வந்து, வந்த மறுநிமிடமே குழந்தை பசியோடு மறுபடியும் பாலுக்கு அழுமானால், இரைப்பையின் வெளிவாயிலில் தசை தடித்து வழி அடைபடுகிறது என்று ஐயுற வேண்டும். ஆண் குழந்தைகளில், அதிலும் தலைப்பிள்ளைகளில், இது அதிகம். அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும், தசையைப் பிளந்துவிடும் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையில் முற்றிலும் சரியாகிவிடும். தாமதித்தால் எடை கரைவதோடு இரத்தத்தின் உப்புச் சமநிலையும் குலைந்துவிடும்.

நிறம்தான் வாந்தியில் முதலில் பார்க்க வேண்டியது. பால் வெள்ளை, தயிர்போல் திரிந்தது, உண்ட உணவின் நிறம், தெளிந்த நீர் ஆகியவை அச்சுறுத்துபவை அல்ல. வெறும் வயிற்றோடு பலமுறை ஓங்கரித்த பின் இலேசான மஞ்சள் நீர் வருவதும் உண்டு. ஏனென்றால் வாந்திக்கு முன்பாகச் சிறுகுடலே எதிர்த்திசையில் சுருங்கித் தன்னிடமுள்ளதை இரைப்பைக்குள் தள்ளிவிடுகிறது. ஆனால் தழையைக் கசக்கியதுபோன்ற பச்சை வேறு செய்தி. பித்தநீர் வந்து சேரும் இடத்துக்குக் கீழே குடல் அடைபட்டிருக்கலாம் என்பது அதன் பொருள். பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை ஒரே ஒரு முறை பச்சையாக வாந்தி எடுத்தாலும், பார்வைக்கு நன்றாகவே தோன்றினாலும், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய்விட வேண்டும். கருவில் குடல் சரியாகத் திரும்பி அமையாத குழந்தைகளில் அது தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டத்தை அறுத்துவிடக்கூடும். சில மணி நேரத்தில் குடலின் பெரும்பகுதி அழுகிப் போய்விடும். இங்கே ‘இன்னொரு முறை வந்தால் பார்ப்போம்’ என்பதற்கு இடமே இல்லை. வாந்தியில் சிவப்பு இரத்தமோ, காப்பித்தூள் கலந்ததுபோன்ற கறுப்புத் துகளோ தெரிந்தாலும் காட்டத்தான் வேண்டும். ஓங்கரித்து ஓங்கரித்து உணவுக்குழலின் கீழ்முனை கீறி ஓரிரு இழை இரத்தம் வருவது உண்டு என்றாலும், அதை அப்படி முடிவு செய்வது மருத்துவரின் வேலை.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை குடல் செருகலை நினைவில் வைத்திருக்க வேண்டும். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள், தொலைநோக்கிக் குழலைப்போல், நுழைந்துகொள்வது இது. குழந்தை திடீரென்று கால்களை வயிற்றோடு மடக்கி, வெளுத்துப்போய், ஆற்ற முடியாதபடி ஓரிரு நிமிடம் வீறிடும்; பிறகு அடங்கிவிடும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அதே காட்சி. இடைப்பட்ட நேரத்தில் ‘தூங்கிவிட்டான்’ என்று நாம் நிம்மதி அடைவோம். அது தூக்கமன்று, துவளல். மலத்தில் சளியும் இரத்தமும் கலந்து செக்கச் சிவப்பாக வருவது நூல்களில் பெரிதாகச் சொல்லப்படும் அடையாளம். ஆனால் அது வரும்போது நேரம் கடந்திருக்கும். முதல் சில மணி நேரத்திலேயே வந்துவிட்டால், ஆசனவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ செலுத்தியே பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தியின்றிச் சரிசெய்துவிடலாம்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டேனே தவிர, நீங்கள் விவரிக்கும் படத்துக்கு மிகப் பொருத்தமானது குடல் வைரஸ் தொற்றுதான். ரோட்டா வைரஸும் நோரோ வைரஸும் இதில் முதன்மையானவை. முதலாவதை மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் 1973-இல் குழந்தைகளின் குடல் திசுவில் கண்டறிந்தார்கள். இன்று அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது, அதைப் பிறந்த சில வாரங்களிலேயே தொடங்க வேண்டும். இரண்டாவதற்கு இன்னும் பொதுப் பயன்பாட்டில் தடுப்பு மருந்து இல்லை. இந்தத் தொற்றுகளில் வாந்தி முந்திக்கொண்டு வரும். பேதி அரை நாளோ ஒரு நாளோ பிந்தி வரும். வாந்தி பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஓய்ந்துவிடும், மூன்று நாளைத் தாண்டுவது அரிது. பேதி ஐந்து முதல் ஏழு நாள் வரை நீளலாம். பேதி வந்த பிறகுதான் ‘இது குடல் தொற்று’ என்ற பெயரை ஓரளவு உறுதியோடு சூட்ட முடியும் என்பது என் கருத்து. ஒன்றரை நாள் கழிந்தும் பேதியே இல்லாமல் வாந்தி மட்டும் தொடர்ந்தால், அந்தப் பெயரை அழித்துவிட்டு முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

இனி, கொடுப்பது எப்படி என்பது. தாகத்தில் குழந்தை தம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் நூறு மில்லி குடிக்கும். புண்பட்டிருக்கும் இரைப்பை விரிந்தவுடன் அத்தனையும் திரும்பி வந்துவிடும். ‘தண்ணீர்கூட நிற்கவில்லை’ என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். நிற்காதது தண்ணீரன்று, அந்த அளவு. வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் எதையும் கொடுக்காமல் விடுங்கள். பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலில் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. கரண்டியைத் தட்டிவிடும் குழந்தைக்கு ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சால், நாக்கின் மேலன்றிக் கன்னத்தின் உட்புறமாக, சாய்த்து விடலாம். இது அற்பமான அளவாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு 5 மில்லி என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி, நான்கு மணி நேரத்தில் 600 மில்லி. இலேசான நீரிழப்புக்கு நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 50 மில்லி கொடுக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. உங்கள் குழந்தையின் 12 கிலோவுக்கு அது சரியாக 600 மில்லிதான். நடுவில் ஒரு முறை வாந்தி வந்தால் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். வெளியே வந்தது, உள்ளே போனதில் ஒரு பங்கு மட்டுமே. பத்து நிமிடம் பொறுத்து, மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் அளவைச் சற்றுக் கூட்டலாம். நான்கு மணி நேரம் இப்படி உட்கார்ந்திருப்பது கை ஓய்ந்துபோகும் வேலை. இருவர் மாறி மாறிச் செய்வது நல்லது.

ஏன் வெறும் தண்ணீர் போதாது, ஏன் பழச்சாறோ குளிர்பானமோ கூடாது என்பதற்கு விடை குடல் சுவரில் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து ஒரே வாயில் வழியாகக் குடல் செல்லுக்குள் நுழைகின்றன. அவை போன வழியே தண்ணீரும் போகிறது. தொற்றினால் குடல் எவ்வளவு புண்பட்டிருந்தாலும் இந்த வாயில் பெரும்பாலும் மூடுவதில்லை. 1960-இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்த இந்த விளக்கத்தின் மேல்தான் ஓ.ஆர்.எஸ். நிற்கிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே கொடுக்கவைத்தார். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. பயிற்சி இல்லாத கையும் இதைச் சரியாகச் செய்ய முடியும் என்பது அங்கேயே தெரிந்துபோன செய்தி.

2002 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில் ஒரு லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல், கரைந்துள்ள எல்லாவற்றையும் சேர்த்த மொத்தச் செறிவு 245 மில்லிமோல். பழைய கரைசலின் செறிவு 311. அதைக் குறைத்ததால் வாந்தியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பழச்சாற்றிலும் குளிர்பானத்திலும் சர்க்கரை பலமடங்கு அதிகம், சோடியமோ மிகக் குறைவு. மிகுந்த சர்க்கரை உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். நீரிழப்பின் அடையாளமே இல்லாத, ஆறு மாதத்தைத் தாண்டிய குழந்தை ஓ.ஆர்.எஸ்.ஸைத் துப்பிக்கொண்டே இருந்தால், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஆப்பிள் சாறு கொடுத்துப் பார்ப்பது தவறில்லை. கனடாவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இலேசான நோயில் அதுவும் பயன்படுவதைக் காட்டியது. நீரிழப்பு தொடங்கிவிட்ட குழந்தைக்கு அது பொருந்தாது.

பொட்டலத்தைக் கலப்பதில் நடக்கும் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் கால் பங்கைக் கண்மதிப்பாக ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்குவார்கள். உப்பு எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. உப்பு மிகுந்த கரைசல் இரத்தச் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். பொட்டலத்தின் மேல் எத்தனை மில்லி என்று எழுதியிருக்கிறதோ அத்தனை மில்லி சுத்தமான நீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். பாலிலோ சாற்றிலோ கலக்கக் கூடாது. சுவைக்காகச் சர்க்கரை சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஒரு வேளைக்குக் குறைந்த நேரமாக, ஆனால் அடிக்கடி கொடுக்கலாம். புட்டிப் பாலை வழக்கத்தைவிட நீர்க்கக் கலக்க வேண்டியதில்லை. வாந்தி தணிந்து குழந்தை பசி என்று கேட்டால், வழக்கமாக உண்ணும் உணவையே சிறு அளவில் கொடுங்கள். ‘வயிற்றுக்கு ஓய்வு’ என்று ஒன்றிரண்டு நாள் பட்டினி போடுவதால் குடலின் உட்சுவர் ஆறுவது தாமதப்படுகிறதே தவிர, நன்மை ஒன்றுமில்லை. பசிக்கவில்லை என்றால் வற்புறுத்தவும் வேண்டாம். ஒரு நாள் சாப்பிடாததால் எந்தக் கேடும் வராது, ஒரு நாள் குடிக்காததால் வரும். பேதி தொடங்கிவிட்டால் ஒவ்வொரு முறைக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லி ஓ.ஆர்.எஸ். கூடுதலாகத் தர வேண்டும். துத்தநாகச் சத்தும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தரக்கூடும்.

நீர் போதுமான அளவு போகிறதா என்பதைச் சொல்லும் முதல் சாட்சி சிறுநீர். கடைசியாக எப்போது போனது, எந்த நிறத்தில் போனது என்று குறித்து வையுங்கள். டயப்பர் கட்டியிருந்தால், தண்ணீராகப் போகும் பேதியும் சிறுநீரும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடும். உள்ளே ஒரு பஞ்சுத் துண்டை முன்புறமாக வைத்துப் பார்க்கலாம். அழும்போது கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, கண்கள் குழிந்திருக்கின்றனவா, கைக்குழந்தையானால் உச்சிக்குழி பள்ளமாகியிருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே சமமாக வேண்டும்; மடிப்பு இரண்டு நொடிக்கு மேல் அப்படியே நின்றால் நீரிழப்பு கடுமையாகிவிட்டது. அண்மையில் எடை பார்த்திருந்தால் அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை: 12 கிலோ குழந்தை 600 கிராம் இழந்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு போய்விட்டது, அடையாளங்கள் அப்போதுதான் தெரியத் தொடங்கும், 1.2 கிலோ இழந்தால் உயிருக்கு ஆபத்தான நிலை. ஆறேழு மணி நேரத்தில் ஒரு கைக்குழந்தை அந்த இரண்டாம் எல்லையை நெருங்கிவிட முடியும் என்பதால்தான், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இரண்டொரு முறைக்கு மேல் வாந்தி எடுத்தாலே காட்டிவிடச் சொல்கிறோம். கை கால் சில்லிட்டு, மூச்சு வேகமாகி, தாகம் என்று கேட்பதைக்கூட விட்டுவிட்ட குழந்தைக்குக் கரண்டி வைத்தியம் வேண்டாம். நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும்.

புட்டி மருந்துக்கு வருவோம். சென்ற முறை வாங்கியது மெட்டோகுளோபிரமைடு வகையாக இருந்தால், அதைக் குழந்தைக்கு நீங்களாகக் கொடுப்பது ஆபத்து. அம்மருந்து கொடுக்கப்பட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, நாக்கு வெளித்தள்ளி, கண்கள் மேலே சொருகி நிற்க, வலிப்பு என்று பதறித் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கோ முழு நினைவு இருக்கும். கண்ணில் பயம் தெரியும், சொல்ல வாய் வராது. மாற்று மருந்து ஏற்றினால் சிறிது நேரத்தில் இறுக்கம் விட்டுவிடும் என்றாலும், தேவையே இல்லாமல் வந்த துன்பம் அது. ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத் தரவே கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2013-இல் அறிவித்தது. இன்னொரு வாந்தி மருந்தான டோம்பெரிடோனுக்கு இதயத் துடிப்பு தொடர்பான எச்சரிக்கைகள் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது பயன் தருவதாக நிறுவப்படவில்லை என்று கண்டு பிரிட்டன் 2019-இல் அந்த வயதினருக்கு அதை விலக்கிவிட்டது. பயணத்துக்கென்று வாங்கி வைத்திருக்கும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடியது.

பயன் உறுதிப்பட்ட மருந்து ஒன்று இருக்கிறது: ஒண்டன்செட்ரான். குடல் தொற்றில், ஆறு மாதத்தைத் தாண்டிய குழந்தைக்கு, எடைக்கேற்ற ஒரே ஒரு வேளை கொடுத்தால் வாந்தி தணிந்து ஓ.ஆர்.எஸ். உள்ளே நிற்க வழி பிறக்கிறது. நரம்பில் திரவம் ஏற்றும் தேவையும் குறைகிறது. ஆயினும் அதை வீட்டு மருந்தாக நினைக்க வேண்டாம் என்பேன். பேதி சற்றுக் கூடலாம், இதயத் துடிப்பில் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது; எல்லாவற்றையும்விட, குடல் அடைப்பிலும் மூளை அழுத்தத்திலும் வரும் வாந்தியைச் சிறிது நேரம் மறைத்து, போகவேண்டிய நேரத்தில் போகவிடாமல் செய்துவிடும். குழந்தையை ஒருவர் தொட்டுப் பார்த்த பின் கொடுக்க வேண்டிய மருந்து அது. பேதியை நிறுத்தும் மாத்திரைகளும், வைரஸ் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக்கும், காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் எந்த நிலையிலும் வேண்டாம்.

வயிற்றுக்கு வெளியே இருக்கும் காரணங்களில் ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறவிடப்படுவது அதுவே அதிகம். வாந்தி எடுக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைய வேண்டும். குறையாமல் கூடினால் அது பொருந்தாத செய்தி. இரண்டு வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது, பழக்கம் விட்டுப்போன குழந்தை மறுபடியும் படுக்கையை நனைத்தது, சட்டை தொளதொளத்தது, இன்று வாந்தி, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது: இது முதல் வகை நீரிழிவின் தொடக்கம். வாந்தியை மட்டும் பார்த்தால் குடல் தொற்று. மூச்சை மட்டும் பார்த்தால் நிமோனியா. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த நிலையில் மூச்சில் பழ வாடை வீசும் என்பார்கள். ஆனால் உண்ணாமல் கிடக்கும் எந்தக் குழந்தையின் மூச்சிலும் பழ வாடை லேசாக வீசலாம் என்பதால், வாடையைவிடச் சிறுநீரை நம்புங்கள். சந்தேகம் இருந்தால் சர்க்கரை பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வாந்தி வந்து, சில மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் குடல்வால் அழற்சி. குடல் தொற்றில் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். பையன்கள் ‘அடிவயிறு வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லி வாந்தி எடுப்பார்கள், விதையில் வலி என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். விதை முறுகியிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும் என்பதால், உடையை விலக்கிப் பார்க்காமல் விடக் கூடாது. காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், பார்வையில் மாற்றம், இப்படி இரண்டு வாரம் போனால் மூளையைப் படம் எடுத்தே ஆக வேண்டும். தலையில் அடிபட்டபின் மூன்று முறை தனித்தனியாக வாந்தி எடுத்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், அழுத்தினால் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோலில் தெரிந்தாலும், பொத்தான் மின்கலத்தையோ மருந்தையோ விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். குறிப்பிட்ட ஓர் உணவு கொடுத்த ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு முறையும் கைக்குழந்தை தொடர்ந்து வாந்தி எடுத்து வெளுத்துத் துவண்டால், அந்த உணவே ஒவ்வாமையாக இருக்கலாம். சில வாரங்களுக்கு ஒரு முறை, ஒரே மாதிரி, ஒரே வேளையில் தொடங்கி மணிக்கணக்கில் வாந்தி எடுத்து, இடைப்பட்ட நாள்களில் முழு நலத்தோடு இருக்கும் குழந்தைகளும் உண்டு. லண்டனில் மருத்துவர் சாமுவேல் ஜீ 1882-இல் விவரித்த இந்தச் சுழற்சி வாந்தி ஒற்றைத் தலைவலிக்கு உறவுடையது, பெற்றோருக்கு ஒற்றைத் தலைவலி இருப்பது அடிக்கடி தெரியவரும். ஒவ்வொரு முறையும் ‘ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடித்துவிடாமல் நாள்களைக் குறித்து வைத்தால்தான் அது பிடிபடும்.

இன்று வீட்டில் செய்ய வேண்டிய மற்ற வேலைகள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தியைத் துடைத்த துணியை உடனே தனியாக எடுத்து வெந்நீரில் துவைத்து, தரையைக் குளோரின் கலந்த கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். நோரோ வைரஸுக்குக் கையில் தடவும் ஆல்கஹால் திரவத்தை நம்ப முடியாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். கடைசி வாந்தியோ பேதியோ நின்று 48 மணி நேரம் ஆகும்வரை குழந்தை மற்றக் குழந்தைகளோடு சேராதிருப்பது நல்லது.

நான்கு மணி நேரக் கரண்டிக் கணக்கு முடிந்தும் பாதிகூட உள்ளே நிற்கவில்லை என்றால் கிளம்புங்கள். போகும்போது வாந்தியின் நிறம் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம், எத்தனை மணிக்கு எத்தனை முறை என்ற குறிப்பு, கடைசிச் சிறுநீர் போன நேரம், இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர் எழுதிய அட்டை அல்லது புட்டி, அந்தப் பாதிப் புட்டி உட்பட, கையில் இருக்கட்டும். வழியிலும் ஓ.ஆர்.எஸ். கிண்ணத்தையும் கரண்டியையும் விடாதீர்கள். காத்திருக்கும் அறையிலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி தொடரலாம். பச்சை வாந்தியோ வயிற்று வீக்கமோ இருந்தால் மட்டும் எதையும் கொடுக்காமல் கொண்டுபோக வேண்டும்.